கால் இழந்தவரின் இதயம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், பாலாற்றுக்கு முன்னால் இருக்கிறது ஓரிக்கை. காஞ்சிப் பெரியவருக்கு எழுப்பிய கருங்கல் மணிமண்டபத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். பட்டு எடுக்க வருபவர்கள் தறியையும் எட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் கண் போவது நெசவாளியின் கைகள்மேல்தான். நாடா இப்பக்கமும் அப்பக்கமும் ஓடுகிறது, ஜரிகை சேர்கிறது, கோர்வையில் கரையும் உடலும் இழைக்கு இழை பூட்டிக்கொள்கின்றன. ஆனால் குழித்தறியின் பாதி வேலை தரைக்குக் கீழே நடக்கிறது. குழிக்குள் கால்களை விட்டு அமர்ந்திருக்கும் நெசவாளி மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகிறார். மிதி இறங்கும்போது பாவு இரண்டாகப் பிரிகிறது, அந்த இடைவெளியில் நாடா ஓடுகிறது. அழுத்துகிற கெண்டைக்கால் தசை அதே நேரத்தில் இன்னொரு வேலையும் செய்கிறது. காலில் இறங்கிய இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே ஏற்றிவிடுகிறது.

சர்க்கரைப் புண்ணாலோ சாலை விபத்தாலோ அந்தக் கால்களில் ஒன்று போய்விட்டால் வீட்டில் எல்லோரும் இனி எப்படி நடப்பார், எப்படித் தறியில் உட்காருவார் என்றுதான் கலங்குகிறார்கள். "கால்தானே போச்சு, உசுரு தப்பிச்சுதே" என்று உறவினர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். காப்பாற்றிய அந்த உயிரை நெடுங்காலம் காப்பாற்றிவைக்க வேண்டுமானால் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். கால் போன பிறகு இதயத்துக்கு என்ன ஆகிறது?

கால்கள் இரத்த ஓட்டத்துக்குச் செய்யும் உதவி

வளர்ந்தவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில் இருக்கும். இதயத்திலிருந்து பாதத்துக்கு இரத்தம் இறங்க இதயத்தின் உந்துதலே போதும். நுண்குழாய்களைக் கடந்து சிரைக்குள் வந்து சேரும்போது அந்த உந்துதல் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். அங்கிருந்து நெஞ்சுவரை ஒரு மீட்டருக்கும் மேல் ஏறியாக வேண்டும்.

அந்த ஏற்றத்துக்குக் கெண்டைக்கால் துணை நிற்கிறது. அதன் தசைகள் சுருங்கும்போது அவற்றின் நடுவே ஓடும் ஆழ்சிரைகள் பிழியப்படுகின்றன. சிரைகளில் உள்ள வால்வுகள் மேல்நோக்கி மட்டுமே வழிவிடுவதால் பிழியப்பட்ட இரத்தம் இதயத்தின் பக்கமே போகிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறும். அவரே நடக்கத் தொடங்கினால் சில அடிகளுக்குள் அது 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். உடலியல் நூல்கள் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வது இதனால்தான்.

கால்களுக்கு இன்னொரு பெரிய பொறுப்பும் உண்டு. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் சொற்படி உள்வாங்கிக்கொள்வதில் தசைகளே முதன்மையானவை. தசை குறைந்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது.

இந்த இடத்தில் குடும்பத்தார் பலர் மருத்துவரிடம் கேட்கும் சந்தேகம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளலாம். "காலுக்குப் போன இரத்தம் இனி எங்கே போகும்? மிச்ச உடம்பில் நெருக்கி இரத்தக் கொதிப்பு வந்துவிடாதா?" வராது. அறுவையின்போது தமனியையும் சிரையையும் தனித்தனியே கட்டி மூடுகிறார்கள். அதன்பின் மிஞ்சிய உடலுக்கு எவ்வளவு இரத்தம் தேவையோ அந்த அளவுக்குச் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்கின்றன. கட்டப்பட்ட தமனியில் வரும் இரத்தம் கிளைக்குழாய்கள் வழியே தொடையின் மிச்சப் பகுதிக்குப் பிரிந்துபோகிறது. தேவை குறைந்துவிட்டதால் நாளடைவில் அந்தத் தமனியின் விட்டமும் சுருங்குகிறது. ஆரம்ப வாரங்களில் மிஞ்சிய காலில் வீக்கம் இருக்கும், அதனால்தான் மீள்துணிக் கட்டு இறுக்கமாகச் சுற்றுகிறார்கள். படுத்தே கிடந்தால் சிரைகளில் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும் ஆபத்து உண்டு. சீக்கிரம் எழுப்பி உட்காரவைப்பதும், உறைவைத் தடுக்கும் ஊசி போடுவதும் அதைத் தவிர்க்கத்தான்.

"உடம்பு சிறுத்துவிட்டது, இதயத்துக்கு வேலை குறையத்தானே வேண்டும்" என்று கேட்பவர்களும் உண்டு. கணக்கு சரிபோலத்தான் தெரிகிறது. ஆனால் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அதற்கு நேர்மாறான விடையைத் தந்தன.

கால் போகும் இரண்டு வழிகள்

முதல் வழி இரத்தக்குழாய் நோய். தமிழ்நாட்டில் இதற்குப் பெரும் காரணம் நீரிழிவு. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவோடு வாழ்கிறார்கள். நெடுநாள் சர்க்கரை நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, தமனியை அடைக்கிறது. செருப்பின் ஆணி குத்தியதும் தெரிவதில்லை, குத்திய புண் ஆறுவதும் இல்லை. பீடி, சிகரெட் பிடிக்கும் இளைஞர்களின் கை கால் தமனிகளை அழற்சியால் அடைக்கும் பர்கர் நோய் இன்னொரு காரணம். லியோ பர்கர் 1908-இல் விரிவாக எழுதிய இந்த நோய் மேலைநாடுகளில் அரிதாகிவிட்டது. இந்தியாவில் இன்னும் விரல்களையும் கால்களையும் பறித்துக்கொண்டிருக்கிறது.

நீரிழிவாலும் கொழுப்புப் படிவாலும் கால் இழப்பவரின் கதையில் இதயம் முன்பே இருக்கிறது. கால் தமனியில் படிந்த அதே கொழுப்பு இதயத் தமனியிலும் மூளைக்குப் போகும் தமனியிலும் படிந்திருக்கும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுப்போகிறது என்றால் அது வயதின் அலுப்பு ஆகாது. உடல் முழுவதும் ஓடும் குழாய்களைப் பற்றிய எச்சரிக்கை அது. இப்படி இரத்தக்குழாய் நோயால் கால் அகற்றப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 5 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. அவர்களில் பலரைக் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும்.

இரண்டாவது வழி விபத்து. நேற்றுவரை நோய்நொடி இல்லாமல் இருந்தவர் லாரிச் சக்கரத்திலோ ரயில் பாதையிலோ காலை இழக்கிறார். இவரது இதயம் நலமானது, தமனிகள் சுத்தமானவை. கால் இழப்பு தன்னளவிலேயே இதயத்தைப் பாதிக்குமா என்பதை அறிய வேண்டுமானால் இவரைப் போன்றவர்களைத்தான் பின்தொடர வேண்டும். ஆயிரக்கணக்கில் அத்தகைய மனிதர்களை உருவாக்கியவை போர்கள்.

போர்கள் தந்த விடை

இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்த அமெரிக்கப் படைவீரர்களை ஹ்ருபெக், ரைடர் என்னும் இரு ஆய்வாளர்கள் சுமார் 30 ஆண்டு காலத்துக்குப் பின்தொடர்ந்து 1980-இல் முடிவை வெளியிட்டார்கள். அதே போரில் காயம்பட்டு, உறுப்பிழக்காமல் தழும்போடு தப்பிய வீரர்களை அவர்களுக்கு எதிரே நிறுத்தி ஒப்பிட்டார்கள். இளமை, போர்க்கள அனுபவம், காயத்தின் அதிர்ச்சி எல்லாம் இரு தரப்பாருக்கும் பொது. ஆனாலும் உடலுக்கு அருகில் உறுப்பை இழந்தவர்களிடையே இதய நோயால் நேர்ந்த மரணங்கள் கூடுதலாக இருந்தன. இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேல் இழந்தவர்களிடம் அந்த ஆபத்து மிகுந்து தெரிந்தது.

1998-இல் இஸ்ரேலிலிருந்து வந்த முடிவு இன்னும் கூர்மையானது. காயத்தால் கால் இழந்த 201 ஆண் படைவீரர்களை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 21.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பொதுமக்களிடையே அது 12.1 சதவீதம். கூடுதல் மரணங்களுக்கு முக்கியக் காரணம் இதய, இரத்தக்குழாய் நோய்களே. உயிரோடு இருந்தவர்களைப் பரிசோதித்தபோது இரு தரப்பாரிடமும் புகைப்பழக்கம், உடற்பருமன், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கால் இழந்தவர்களின் இரத்தத்தில் இன்சுலின் அளவும் உறையும் தன்மையும் கூடியிருந்தன.

ஆப்கானிஸ்தானில் காயம்பட்ட பிரிட்டிஷ் படைவீரர்களை 'அட்வான்ஸ்' என்னும் ஆய்வு இப்போது பின்தொடர்கிறது. காயம்பட்டவர்களும் படாதவர்களுமாக 1,100-க்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் இருக்கிறார்கள். முப்பதுகளில் இருக்கும்போதே காயம்பட்டவர்களின் தமனிகள் விறைத்திருப்பதும், உடலில் அழற்சி கூடியிருப்பதும், சர்க்கரை, கொழுப்புக் கோளாறுகள் தலைகாட்டுவதும் அளவீடுகளில் தெரியவந்தன. காயம் எவ்வளவு கடுமையோ பாதிப்பும் அவ்வளவு கூடுதல். மாரடைப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடல் அதற்கான தடயங்களைக் காட்டத் தொடங்கிவிடுகிறது.

எப்படி நேர்கிறது?

முதலில் அலையைப் பார்ப்போம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரில் ஓர் அழுத்த அலை எழுந்து விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் கால்வரை ஓடுகிறது. தமனி கிளைபிரியும் இடங்களிலும் குறுகும் இடங்களிலும் அதன் ஒரு பகுதி திரும்பி வருகிறது. கோயில் தெப்பக்குளத்தில் கல் விழுந்தால் எழும் அலை படிக்கட்டில் மோதித் திரும்புமே, அதுபோல. படிக்கட்டு தொலைவில் இருந்தால் அலை தாமதமாகத் திரும்பும். நல்ல உடலில் திரும்பும் அலை, இதயம் சுருங்கி முடித்து விரியும் நேரத்தில் வந்து சேருகிறது. இதயத் தசை தனக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் பெறுவது அந்த நேரத்தில்தான். ஆகவே தாமதமாக வரும் அலை இதயத்துக்கு உதவியாகவே இருக்கிறது. தொடையிலேயே தமனி முடிந்துபோனால் அலை மோதும் இடம் அருகில் வந்துவிடுகிறது. அலை முன்னதாகத் திரும்பி, இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே எதிர்த்து வந்து முட்டுகிறது. இடது கீழறைக்குச் சுமை கூடுகிறது, இதயத் தசைக்குக் கிடைக்கும் ஊட்டம் குறைகிறது. கூடுதல் ஆபத்துக்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் இது முக்கியமானது.

அடுத்தது வயிற்றில் இருக்கும் பெருந்தமனி. தொப்புள் உயரத்தில் அது இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாகப் போகிறது. ஒரு பக்கம் இரத்தத் தேவை குறைந்தால் அந்தக் கவட்டில் ஓட்டத்தின் சமநிலை குலைகிறது, சுவரில் படும் விசை ஒரு பக்கமாகச் சாய்கிறது. 1989-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் வால்மரின் குழு, முழங்காலுக்கு மேல் கால் இழந்த போர்வீரர்களில் 5.8 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பெருந்தமனி பலூன்போல் புடைத்திருப்பதைக் கண்டது. கால் இழக்காத வீரர்களில் அது 1.1 சதவீதம்தான். இந்தப் புடைப்பு வலிக்காது. வெடித்தால் உயிரைப் பறித்துவிடும். வயிற்றை ஒருமுறை ஸ்கேன் செய்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது, முன்பே சொன்ன தசையும் இன்சுலினும். தசை குறைந்த உடலில் அதே சர்க்கரையைக் கையாள இன்சுலின் கூடுதலாகச் சுரக்க வேண்டியிருக்கிறது. இது நெடுங்காலம் நீடித்தால் நீரிழிவு, கெட்ட கொழுப்பு, இரத்தக் கொதிப்பு மூன்றுக்கும் வழி திறக்கும்.

நான்காவது, மனமும் வாழ்க்கையும். இல்லாத காலில் இரவெல்லாம் எரிச்சலும் வலியும் தெரிவது உண்மையான நரம்பு வலி, அது கற்பனை என்று யாரும் ஒதுக்கக் கூடாது. தூக்கமின்மை, வருமான இழப்பு, மற்றவர் தயவில் வாழும் துயரம் எல்லாம் சேர்ந்து இதயத் துடிப்பை முடுக்கும் நரம்புகளை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. விட்டிருந்த பீடி கைக்குத் திரும்புகிறது.

நெசவு வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. கால் இழந்தவரைக் குழியில் இறங்கவிடாமல், பிரியத்தோடு "நீ தார் சுத்து, போதும்" என்று ராட்டையின் முன் உட்காரவைத்துவிடுகிறார்கள். வேளைக்குச் சோறு வருகிறது, வேண்டியது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. நாள் முழுதும் அசையாத அந்த உட்காரலே அவருக்கு மிகப் பெரிய பகை. அன்பு என்றால் அவரை எழுப்பி நடக்கவைப்பதுதான்.

முழங்காலின் மதிப்பு

காலை எந்த உயரத்தில் எடுத்தார்கள் என்பது எல்லாவற்றையும் மாற்றுகிறது. விபத்தில் முழங்காலுக்குக் கீழ் இழந்தவர் செயற்கைக் காலோடு நடக்க ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவிடுகிறார். முழங்காலுக்கு மேல் என்றால் அது 65 சதவீதத்தை எட்டுகிறது. இரத்தக்குழாய் நோயால் இழந்தவர்களுக்கு இந்தச் செலவு இன்னும் கூடும். நலிந்த இதயம் அதைத் தாங்காது, அவர் நடையைக் கைவிடுவார், கைவிட்டதால் இதயம் மேலும் நலியும். அறுவை மருத்துவர்கள் ஒவ்வொரு அங்குலத்துக்கும் போராடி முழங்காலைக் காப்பாற்றப் பார்ப்பதற்கு இதுவும் காரணம். முழங்கால் மிஞ்சினால் தறிக்குழியில் அமர்ந்து மிதியை அழுத்தும் வாய்ப்பும் மிஞ்சுகிறது.

1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் நம் வாழ்க்கைக்கென்றே அமைந்தது. சம்மணமிடலாம், குந்தி உட்காரலாம், செருப்பில்லாமல் கோயிலுக்குள் போகலாம். 1981-இல் திருச்சி அருகே பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்த பரதக் கலைஞர் சுதா சந்திரன் அந்தக் காலோடுதான் 1984-இல் மேடைக்குத் திரும்பினார். யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் கால் செய்து பொருத்தும் நிலையம் போர்க்காலத்திலிருந்து இயங்குகிறது. ஷெல்லிலும் மிதிவெடியிலும் 20 வயதில் காலைப் பறிகொடுத்து, 2009-இல் போர் முடிந்ததைக் கண்ட ஈழத்து இளைஞர்கள் இப்போது நாற்பதை ஒட்டியோ கடந்தோ இருக்கிறார்கள். அமெரிக்க வீரர்களிடமும் இஸ்ரேலிய வீரர்களிடமும் இதயம் காட்டிய ஆபத்து இவர்களுக்கும் காத்திருக்கக்கூடும். அவர்களுடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தொடர்ந்து பார்ப்பது மறுவாழ்வுப் பணியின் ஒரு பகுதியாக வேண்டும்.

ஓரிக்கைக்காரருக்கு உதவி எட்டாத தூரத்தில் இல்லை. கிழக்கே சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மேற்கே வேலூர் பாகாயத்தில், விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும் மருத்துவத்தைக் கைவிடாத டாக்டர் மேரி வர்கீஸின் உழைப்பில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறது.

எடையும் பரிசோதனையும்

கால் இழந்தவரின் எடையைப் பார்க்கும்போது ஒரு திருத்தம் தேவை. முழு உடல் எடையில் ஒரு முழுக் கால் சுமார் 16 சதவீதம், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி சுமார் 6 சதவீதம். நடுத்தொடையில் எடுக்கப்பட்டிருந்தால் ஏறக்குறைய 10 சதவீதம் என்று கொள்ளலாம். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் அந்த நிலையில் 58 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே கணக்கிட்டால் உடல் நிறைக் குறியீடு 22.7, இந்தியருக்குச் சரியான அளவு. 58-ஐ 0.9-ஆல் வகுத்தால் 64.4 கிலோ வருகிறது. அதைக்கொண்டு பார்த்தால் குறியீடு 25.2, அதாவது உடற்பருமன். திருத்தம் செய்யாத எடைக்கருவி அவருக்குப் பொய்யான நிம்மதியைத் தருகிறது.

தையல் பிரித்து, செயற்கைக் கால் பொருத்தியதும் மருத்துவமனையோடு உறவு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் வாழ்நாள் முழுதும் பார்த்துவர வேண்டும். இரத்தக்குழாய் நோயால் கால் போனவருக்கு ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் பெரும்பாலும் தேவைப்படும். கால் ஆறிவிட்டது என்று அவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. முழங்காலுக்கு மேல் இழந்து நடுவயதைக் கடந்தவர்கள் வயிற்றுப் பெருந்தமனியை ஸ்கேன் செய்து பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மிஞ்சிய பாதத்தை நாள்தோறும் கண்ணாலும் கையாலும் சோதிக்க வேண்டும். நீரிழிவில் ஒரு கால் போனவருக்கு மறு காலும் ஆபத்தில்தான் இருக்கிறது. நடையோடு கைகளுக்கான பயிற்சியும் சேரட்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி எடை தூக்குவதும், முடிந்தவருக்கு நீச்சலும் இதயத்துக்கு உண்மையான உழைப்பு. பீடி, சிகரெட்டை முழுதாக விட்டாக வேண்டும். பர்கர் நோய்க்காரர் புகையை விடாதவரை எந்த மருந்தும் மிச்சக் காலைக் காப்பாற்றித் தராது.

அழுத்திப் புண்ணாக்கியதால் மூலையில் சாத்திவைக்கப்பட்ட செயற்கைக் கால்கள் பல வீடுகளில் உண்டு. பொருந்தாத காலைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. நடக்கும் ஒவ்வொரு நாளும் தசை சர்க்கரையை எரிக்கிறது, சிரை இரத்தம் மேலேறுகிறது, இரத்த அழுத்தம் கட்டுக்குள் வருகிறது. செயற்கைக் காலைத் தரும் கூடத்திலேயே இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரைப் பரிசோதனையும் இருக்க வேண்டும், காலுக்கு ஒரு சீட்டு, இதயத்துக்கு ஒரு சீட்டு என்று இரண்டும் ஒரே நாளில் எழுதப்பட வேண்டும். அந்த ஏற்பாடு நம் மாவட்ட மருத்துவமனைகளில் வழக்கமாகும்வரை, கால் இழந்தவரை அழைத்துப்போகும் குடும்பத்தார்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "டாக்டர், இவர் இதயத்தையும் பாருங்கள்."